இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஜூலை 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அழுகையோ தூக்கமோ, எனக்குத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தையை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். "பன்னெண்டு நாள் வச்சுப் பாத்தாச்சும்மா. இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையும் காலும் அசையவே இல்லை. நீ படித்த முன்னறையில்தான் கட்டில் போட்டிருக்கிறேன். உன் மேசையைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: "போதும்." தண்ணீர் கொடுத்தால் போதும், போர்வையை இழுத்துவிட்டால் போதும். உன் அண்ணன் "அம்மா, நான் யாரு தெரியுதா?" என்று கேட்டதற்கும் போதும்தான். அவர் வெளியே போய் லாரி டயரை உதைத்துக்கொண்டு நின்றார்.

"படிப்ப விட்டுட்டு வந்துடறேன் அண்ணி" என்று நீ சொன்னதை உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சரி என்று விடுவார். மூன்று வருஷப் படிப்பில் இரண்டு முடிந்தாயிற்று. இன்னும் எட்டு மாதம். நான் இருக்கும்போது நீ வந்து என்ன செய்யப்போகிறாய்? உன்னை அந்த நர்சிங் பள்ளியில் சேர்க்க நான் உன் அம்மாவிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டேன்! அந்தத் திட்டெல்லாம் வீணாகப் போகக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்லிக் கொடு. இப்படி விழுந்துவிட்டவர்களை எப்படிப் படுக்க வைக்க வேண்டும்? ஆஸ்பத்திரி நர்ஸ் வேகமாக ஏதோ சொன்னாள், பாதி காதில் விழவில்லை. நீ ராத்திரி வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள்தானே.

உன் மருமகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டிலிருக்கிற பொம்மைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் மருமகளும் நலமா? அம்மா நலமா என்று கேட்கக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் ஒருமுறை, வகுப்பில் புத்தகத்துக்குள் வைத்து ஒருமுறை படித்தேன்.

என் பாடு இதுதான். ராத்திரி பத்து மணிக்கு மாடி ஏறினால் காலை ஆறுக்கு இறங்குகிறேன். இருபத்தாறு கட்டில், பணிப்பெண்கள் இரண்டே பேர். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. இந்த நான்கு வேளையும் எல்லோரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கடைசிக் கட்டிலை முடிக்கும்போது முதல் கட்டிலுக்கு நேரம் வந்துவிடும். எட்டு மணிக்கு வகுப்பு. நான்கு மணிவரை வகுப்பும் வார்டும். அப்புறம் படுத்தால் ஒன்பதுக்கு எழுந்திருக்க வேண்டும். நேற்று, பயிற்சிக்கு வைத்திருக்கிற ரப்பர் மனிதனுக்கு நாடி பார்க்கச் சொன்னார்கள். அதன் கையைப் பிடித்தபடியே நின்று தூங்கிவிட்டேன். "பேஷன்ட் நல்லாதான் இருக்காரு. உனக்குத்தான் நாடி விழுந்துடுச்சு போல" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்ட வேண்டும். இடது பக்கம், பிறகு மல்லாக்க, பிறகு வலது பக்கம். இழுக்காதீர்கள், தோல் உரசும். உருட்டுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துணிச் சுருட்டு. விரிப்பில் சுருக்கம் கூடாது. ஈரம் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. புரட்டும்போதெல்லாம் முதுகைப் பாருங்கள். ஒரே இடத்தில் எடை அழுத்தினால் ரத்தம் ஓடாமல் சதை செத்துப் புண்ணாகிவிடும். வந்தபின் ஆற்றுவது கஷ்டம். வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன், அண்ணி.

என்றும் உங்கள்,
சிட்டு


ஆகஸ்ட் 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். இங்கே நான் சுகம், உன் மருமகள் சுகம். உன் அண்ணன் போன வாரம் இரண்டு நாள் தலைகாட்டிவிட்டு மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். உன்னைப் பரீட்சைக்கு எழுப்பின அலாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். உனக்கு இருபத்தாறு பேர். எனக்கு ஒருவரே இருபத்தாறு பேர் கனம். அத்தையின் உடம்பு உனக்குத் தெரியாததா? நீ எழுதியபடி உருட்டினால் பாதி வழியில் கண்ணைத் திருப்பி என்னைப் பார்ப்பார். கை போயிற்று, கால் போயிற்று, அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது.

சாப்பாடுதான் பெரிய பாடு. சோற்றைக் குழையக் கரைத்துக் கரண்டியில் கொடுக்கிறேன். மூன்றாவது கரண்டிக்கே "போதும்". முதலில் கெஞ்சிப் பார்த்தேன். இப்போது நிறுத்திவிடுகிறேன். பதினோரு வருஷமாக நான் என்ன செய்தாலும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை, இப்போதாவது வருகிறதே! பெரியவர்கள் போதும் என்ற பிறகு வாயில் திணிப்பதா?

உன் அண்ணன் அறை வாசலோடு நின்று பார்த்தார். "அவங்களே போதும்கறாங்க, விடு, தொந்தரவு பண்ணாத" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அவரால் உள்ளே வர முடியவில்லை. ஆண்பிள்ளை மனசு.

எனக்கு இடுப்புதான் கழன்று விழுகிறது. மற்றபடி கவலைப்படாதே.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது குனியாமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள்.

அம்மாவின் வார்த்தையைப் பற்றி எங்கள் டீச்சரிடம் கேட்டேன். மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் ஒரே சொல் தங்கிவிடுமாம். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், இன்னும் கொடு என்பதற்கும் அதுதான். எங்கள் மாடியில் ஒரு தாத்தா எல்லாவற்றுக்கும் "செவ்வாய்க்கிழமை" என்பார். அதற்காக நாங்கள் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. அம்மா போதும் என்றால் போதும் என்று அர்த்தமில்லை, அண்ணி. உள்ளே எல்லாம் புரியும், வெளியே வர வழிதான் இல்லை. வாயைத் திறக்கிறவரை கொடுங்கள்.

இத்துடன் கட்டம் போட்ட தாள்கள் வைத்திருக்கிறேன். எங்கள் இல்லத்தில் இருப்பது போன்ற சார்ட். ஒவ்வொரு முறை புரட்டியதும் அந்த நேரத்துக்கான கட்டத்தில் ஒரு டிக். மாதக் கடைசியில் எனக்கு அனுப்பினால் பக்கத்தில் இருப்பது போல ஒரு திருப்தி.

எங்கள் மாடியில் நடக்கிற கூத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். என்னோடு வேலை செய்கிறவள் பத்து வருஷப் பழக்கம் உள்ளவள், நெட்டை என்று கூப்பிடுவோம். "எல்லாரையும் பொரட்டிக்கிட்டே இருந்தா நீ பொரண்டுடுவ. ரெண்டு மணி, நாலு மணி ரவுண்ட விட்டுடு, அஞ்சரைக்கு உக்காந்து மொத்தமா டிக் போட்டுக்க" என்று சொல்லிக் கொடுத்தாள். நானும் சில நாள் போட்டுவிட்டேன். அந்த மூன்று மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் போன மாதத் தேர்வில் தேறியிருக்க மாட்டேன். ஆனால் பார்த்தாலே தெரிந்துவிடும், அண்ணி. உண்மையான சார்ட்டில் ஒரு டிக் நீலமாக இருக்கும், ஒன்று கறுப்பாக, ஒன்றின் மேல் டீக்கறை. பொய்ச் சார்ட்டில் எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. மேட்ரனுக்கும் தெரியும், தெரியாதது போல இருப்பார்.

மருமகளுக்கு முத்தம்.

சிட்டு


அக்டோபர் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார நேரமில்லை.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். உன் குரல் போல இழுத்து இழுத்துப் படித்தேன். கண்ணில் நீர் வந்தது. இடது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்றார். அதற்கு அர்த்தம் கிடையாது என்று நீ எழுதியிருந்ததால் நானும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாப்பாடு அப்படியேதான். உடம்பு பாதியாகிவிட்டது. தூக்க எனக்கு இப்போது சுலபம்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிவப்பு. தொட்டால் சூடு. எதற்கும் எழுதுகிறேன். செப்டம்பர் சார்ட்டை உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு கட்டம்கூட விடவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


அக்டோபர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். சார்ட் கிடைத்தது. முந்நூற்று அறுபது கட்டம். மிக அழகாகப் போட்டிருக்கிறீர்கள். முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை மை எங்கும் மாறவில்லை.

அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் அதுதான் புண்ணின் ஆரம்பம். மல்லாக்கப் படுக்கவே விடக் கூடாது. முட்டை, பால் நிறையக் கொடுக்க வேண்டும்.

வந்து பார்க்கத்தான் ஆசை. இந்த மாதம் முழுக்கப் பிரசவ வார்டு. ஒரு நாள் குறைந்தால்கூட இறுதித் தேர்வு எழுத விட மாட்டார்கள். இல்லத்திலும் இரவு வேலைக்கு லீவு கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். என் படுக்கையும் பெட்டியும் அங்கேதான் இருக்கின்றன.

நவம்பரிலிருந்து சார்ட் அனுப்ப வேண்டாம். தபாலில் தொலைந்துவிடும்.

உங்கள்,
சிட்டு


நவம்பர் 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

சுகம்தானே? மை மாறவில்லை என்று எழுதியிருந்தாய். வீட்டில் ஒரே பேனாதான் இருக்கிறது.

நீ சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. அது போன மாதம். இப்போது அழுத்த இடமில்லை. பொத்தான் அளவு இருந்தது உள்ளங்கை அளவாகிவிட்டது. நடுவில் கறுப்பு, கரி பூசியது போல. சுற்றிலும் ஈரம். உன் மருமகள் வாசற்படியிலேயே நின்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளியிலிருந்து வந்தால் நேரே கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறாள்.

உன் அண்ணன் வருகிற நாளில் ஜன்னலைத் திறந்து, பினாயில் ஊற்றித் துடைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறேன். அவர் வாசலிலிருந்து பார்ப்பதோடு சரி. அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது நமக்கு இரண்டு பேருக்கும்தான்.

நீ படித்தவள். கறுப்பு என்றால் என்ன என்று எழுது. டாக்டரைக் கூப்பிட வேண்டுமா என்றும் எழுது. நீ கூப்பிடச் சொன்னால் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் அவர் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்பார், அதற்கும் ஒரு பதில் எழுதி அனுப்பு.

அல்லது நீயே வந்துவிடு. பையை வை, கரண்டியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கத் தூங்குகிறேன்.

அண்ணி


ஜனவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நடுவில் பத்து நாள் காய்ச்சல். அதோடு இல்லத்தில் ஒரு கலவரம்.

ஒன்பதாம் கட்டில் அம்மாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. முன்னாள் தலைமையாசிரியை. ராத்திரியில் என்னிடம் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டுப் பாடம் ஒப்பிக்க வைப்பவர். அவருடைய மகன் வந்து பார்த்துவிட்டுப் பெரிய ரகளை. விசாரணை வைத்து எல்லோருடைய சார்ட்டையும் எடுத்தார்கள். நெட்டைக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் ஒரு புதுப் பெண் என்னோடு வேலை செய்தாள். புரட்ட முடியாத நேரத்துக் கட்டங்களை அப்படியே காலியாக விட்டிருக்கிறாள், பைத்தியக்காரி. "செய்யாததுக்கு எப்படிக்கா டிக் போடறது?" என்று மேட்ரன் முன்னாலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். என் கட்டங்கள் நிறைந்திருந்தன. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாம் கட்டில் அம்மா இப்போது என்னிடம் கேள்வி கேட்பதில்லை.

வீட்டில் நம் அம்மாவுக்குச் சிவப்பு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் துடைத்து, காற்றுப் பட விடுங்கள். இறுதித் தேர்வு பிப்ரவரி இருபதில் ஆரம்பம். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

சிட்டு


ஜனவரி 15

சிட்டு,

இங்கே நலம் விசாரிக்க ஒன்றும் இல்லை. நான் கறுப்பு என்று எழுதினேன். எட்டு வாரம் கழித்து நீ சிவப்பு குறைந்திருக்கும் என்று பதில் போடுகிறாய்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அப்பா படுத்துவிட்டதாக என் தம்பி எனக்குக் கடிதம் போட்டான். அதை நீ ஒரு வெள்ளிக்கிழமை என் கையில் கொடுத்தாய், உறை இல்லாமல். "கவர் கிழிஞ்சுபோச்சு அண்ணி" என்றாய். சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவர் படுத்திருந்த பெஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் உன் அறிவியல் நோட்டுக்கு நான் அட்டை போட்டேன், நினைவிருக்கிறதா? உறை அதற்குள் இருந்தது, கிழியாமல். நம் ஊருக்கு வந்துசேர்ந்த முத்திரையில் திங்கட்கிழமைத் தேதி. அத்தை சொல்லாமல் நீ ஒளித்திருக்க மாட்டாய். நான் கிளம்பிவிட்டால் உலை வைக்க ஆள் வேண்டுமே. அப்போது உனக்குப் பதினாறு வயது, சின்னப் பெண் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன்னைப் படிக்க அனுப்பச் சண்டை போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. இந்த வீட்டிலிருந்து ஒருத்தியாவது வெளியே போகட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

இந்தக் கதையைத் தினமும் சாயங்காலம் கட்டில் ஓரம் உட்கார்ந்து அத்தையிடம் சொல்கிறேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொரு நாளாக. உள்ளே எல்லாம் புரியும் என்று நீதானே எழுதினாய். போதும் போதும் என்கிறார். நான் முடிக்கிற வரை எழுந்திருப்பதில்லை.

சிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆரம்பத்தில் நிஜமாகவே முடியாமல்தான் ஒரு வேளை விட்டேன். பிறகு முடிந்தபோதும் விட்டேன். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. துணியை எடுத்தால் எலும்பு தெரிகிறது. "வருகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுது. இரண்டு நாள் வா. வந்து நீயே பார். பார்த்துவிட்டு என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். உன் அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன்.

அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

இரவு வேலையையும் விட முடியாது, படிப்பையும் விட முடியாது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தூங்குகிறேன். வீட்டிலிருந்து உறை வந்தாலே அன்றைக்குப் படிப்பது எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. தேர்வு மார்ச் பத்தாம் தேதி முடிகிறது. அதுவரை வீட்டிலிருந்து எந்தச் செய்தியும் எனக்கு வேண்டாம். நல்லதோ கெட்டதோ, எதுவானாலும், எதுவானாலும் என்றுதான் சொல்கிறேன், பத்தாம் தேதிக்குப் பிறகு எழுதுங்கள். அண்ணனையும் எழுத விடாதீர்கள். ஆள் அனுப்பவும் வேண்டாம்.

நீங்கள்தான் என்னைப் படிக்க அனுப்பினீர்கள். முடிக்க விடுங்கள்.

சிட்டு


மார்ச் 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

தேர்வு நேற்றோடு முடிந்திருக்கும். நன்றாக எழுதியிருப்பாய்.

அத்தை முதல் தேதி விடியற்காலை போய்விட்டார். நீ கேட்டுக்கொண்டபடி பத்தாம் தேதி தாண்டி எழுதுகிறேன்.

உன் அண்ணன் அன்று வீட்டில் இருந்தார். குளிப்பாட்ட நாங்கள் பெண்கள் உள்ளே போனோம். தூக்கிப் பிடிக்க ஆள் போதாமல் அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் முதுகுக்கு அடியில் கை கொடுத்தார். கொடுத்த கையை எடுத்துப் பார்த்தார். கிணற்றடியில் வெகு நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குச் சொல்லணும், நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்று குதித்தார். "பரீட்சை முடியற வரைக்கும் சொல்ல வேணாம்னு அவளே எழுதியிருக்கா" என்றேன். "பெத்த அம்மா செத்தத சொல்லாதன்னு எவளாவது எழுதுவாளா? நீயா சொல்றியா?" என்றார். உடம்பு தாங்காது என்று ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கே எடுத்துவிட்டதால் அவர் கிளம்ப முடியவில்லை. அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. ஷெட்டில் லாரியிலேயே படுத்துக்கொள்கிறார். மகளைப் பள்ளி வாசலில் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் கடிதங்கள் எல்லாம் தேதி வாரியாக என் பெட்டியில் இருக்கின்றன. நான் அவரிடம் எதையும் காட்டவில்லை. காட்டினால் பிப்ரவரிக் கடிதத்தை மட்டும் காட்ட முடியாது. ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், உன்னுடையதும், உன்னிடம் இருக்கிற என்னுடையதும்.

அவர் நம்புவது உன்னைத்தான். ஒரு கடிதம் எழுது. இப்படிப்பட்ட புண்ணை யாராலும் தடுக்க முடியாது என்று எழுது. செய்தி சொல்ல வேண்டாம் என்று கேட்டது நீ என்றும் எழுது. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பது உனக்குத் தெரியும். வழக்கம் போல நானே படித்துக் காட்டிவிடுகிறேன்.

உன் மருமகள் முன்னறைக்குள் போக இன்னும் பயப்படுகிறாள்.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போன செய்தி தெரிந்து நான் என்ன ஆனேன் என்று எழுத வார்த்தை இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

எப்போதும் அண்ணிதான் உனக்குக் கடிதம் படித்துக் காட்டுவார். இதில் அவரைப் பற்றி எழுத வேண்டியிருப்பதால் ஷெட் முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கே இருக்கிற கிளார்க்கை உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.

என் தேர்வு முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிப்பது என்று ஒரு தாள் உண்டு. அதில் பள்ளியிலேயே நான்தான் முதல். இரவு வேலையை விட்டுவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பகல் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆகவே இதை உன் தங்கையாக மட்டும் எழுதவில்லை, நர்ஸாகவும் எழுதுகிறேன்.

அம்மாவின் முதுகைப் பார்த்து நீ பயந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். பக்கவாதம் கடுமையாக வந்தவர்களுக்கு ரத்த ஓட்டமே குறைந்துவிடும், அண்ணா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாலும் சிலருக்குப் புண் வரத்தான் செய்யும். நல்ல வசதியுள்ள இடங்களிலேயே வருகிறது. என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அண்ணி என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்தார். நானே பக்கத்தில் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். அந்த விஷயத்தில் அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, எனக்குச் செய்தி சொல்லாதது. நான் சொல்ல வேண்டாம் என்று எழுதியதாக அண்ணி உன்னிடம் சொன்னாராம். நீ போட்ட சத்தத்தில் பயந்துபோய் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். அதை வைத்து அவரைத் துளைக்காதே. என் படிப்பு கெடக் கூடாது என்று அவராக எடுத்த முடிவு அது. என் நல்லதுக்குத்தான் செய்தார். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடவில்லையே என்று எனக்கு இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரும் மனுஷிதானே, எட்டு மாதம் தனியாகப் பாடுபட்டவர். நான் அவரை மன்னித்துவிட்டேன். நீயும் மன்னித்துவிடு.

இன்றைக்கே வீட்டுக்குப் போ, அண்ணா. போனதும் இந்தக் கடிதத்தை அண்ணி கையில் கொடு. உனக்கு இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்.

உன் அன்புத் தங்கை